மன்றத்துக் கதவும் எங்கள் அப்பாவும்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிற இன்று, அவர் படத்தின் முன் நின்று கும்பிட வந்திருக்கும் உறவினர்களுக்கும், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், எங்கள் வீடிருக்கும் மேனாம்பேட்டு அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம். நான் அவருடைய மூத்த மகள். ஆவடி சேக்காட்டில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இந்த மலருக்காக எழுத உட்கார்ந்தபோது, "நல்லத மட்டும் எழுதுக்கா, போதும்" என்றான் தம்பி. அப்பாவிடம் நல்லது நிறைய இருந்தது. அதை எழுதுவதில் எனக்குச் சிரமம் இல்லை. ஆனால் கடைசிக் காலத்தில் அவர் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போன ஒரு விஷயம் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு எழுதினால், அவர் கேட்டுக்கொண்டதைச் செய்யாதவளாகிவிடுவேன்.

அப்பா பிறந்தது பூந்தமல்லிக்கு மேற்கே ஒரு சிற்றூரில். அவரைப் பெற்றவர்கள் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டும் களை பறித்தும் பிழைத்தவர்கள். பிறந்த ஐந்து பேரில் பள்ளிக்கூடம் போனவர் அப்பா ஒருவர்தான். பத்தாவது தேறிய கையோடு அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில் எடுபிடியாகச் சேர்ந்தார். இரும்பு கடையும் லேத்து எந்திரம் பழகினார். இருபது வருடத்தில் ஃபோர்மேன் ஆனார். ஒருமுறை எந்திரத்தில் விரல் நசுங்கிய தொழிலாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஆட்டோ கிடைக்கும்வரை எஸ்டேட் சாலையில் ஓடினாராம். அந்தத் தொழிலாளியும் இன்று இங்கே வந்திருப்பார். என்னைவிட அவரே இதை நன்றாகச் சொல்வார். அப்பா குடிக்க மாட்டார். அம்மாவிடம் குரலை உயர்த்திப் பேசி நாங்கள் கேட்டதில்லை. பெண் பிள்ளை எதற்குக் கல்லூரிக்கு என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் என்னை அழைத்துப்போய்ச் சேர்த்துவிட்டு வந்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், அம்பத்தூரில் ரயில் பாதைக்குப் பின்புறம் தோட்டத்தோடு கூடிய ஓர் ஓட்டுக் கட்டடத்தில் ஒரு மன்றம் நடந்துவந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் வீட்டிலும் அதை 'மன்றம்' என்றுதான் சொல்வோம். டாக்டர், தலைமையாசிரியர், வங்கி அதிகாரி, சிறு பட்டறை வைத்திருந்தவர்கள் என்று இருபதுக்கு மேல் உறுப்பினர்கள். சனிக்கிழமை மாலைகளில் கூடி கேரம் ஆடுவார்கள், சீட்டாடுவார்கள், டீ குடிப்பார்கள். கண் சிகிச்சை முகாம் நடத்துவார்கள். மாதத்தில் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம். உள்ளே ஒருவரை ஒருவர் 'சகோதரரே' என்றுதான் அழைக்க வேண்டும். அங்கே நடப்பதை வெளியில் பேசக் கூடாது.

அந்த மன்றத்துக் கிணற்று மோட்டார் ஒருநாள் பழுதாகிவிட்டது. அதைச் சரிசெய்ய அப்பாவைத் தொழிற்சாலையிலிருந்து அனுப்பினார்கள். தோட்டத்தில் உட்கார்ந்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, ஒருவர் தாமதமாக உள்ளே போவதை அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். உள்ளே இருந்த அத்தனை பேரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்து, "என்ன சகோதரரே, போன வாரம் காணோமே, உடம்புக்கு என்ன?" என்று சூழ்ந்துகொண்டார்களாம். அன்று வீட்டுக்கு வந்த அப்பா இதை மூன்று முறை சொன்னார். பல வருடம் கழித்து, "அந்த மன்றத்தில் அப்படி என்னப்பா இருக்கிறது?" என்று நான் கேட்டபோதும் இதையேதான் சொன்னார்.

"ஃபேக்டரில நான் ஒருநாள் லீவு போட்டா தேடுவாங்க. இன்னாத்துக்கு? மிஷின் நின்னுடும்னு. அங்க அந்த ஆளத் தேடுனாங்க பாரு, அது எந்த வேலைக்கும் இல்ல. அவருக்காகவே தேடுனாங்க."

அப்பா மன்றத்தில் சேர விரும்பினார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "அவங்க கூப்ட்டாதான் நீ மனுசனா? இங்க நாங்க கூப்புடறது காதுல உழலியா?" என்று கேட்டார்கள். அப்பா வெறுமே சிரித்தார்.

சேருவதற்கு ஒரு முறை உண்டு. ஓர் உறுப்பினர் பெயரை முன்மொழிய வேண்டும். பிறகு ஒரு மரப்பெட்டி சுற்றி வரும். வெள்ளை மணிகளும் கறுப்பு மணிகளும் இருக்கும். சம்மதம் என்றால் வெள்ளை, வேண்டாம் என்றால் கறுப்பு. கைகளை மூடிக்கொண்டு பெட்டியின் துளையில் போட வேண்டும். ஒரே ஒரு கறுப்பு மணி விழுந்தாலும் அவரைச் சேர்க்க மாட்டார்கள். யார் போட்டார்கள் என்று கேட்கவும் கூடாது.

அப்பாவுக்கு ஒரு கறுப்பு மணி விழுந்தது. கடிதம் வந்த அன்று அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று, "ஒருத்தர்தான்... ஒரே ஒருத்தர்தான் வேணாம்னு சொல்லிக்கிறாரு" என்று அம்மாவிடம் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு அவர் செய்ததுதான் எங்களுக்கு விளங்கவில்லை. மன்றம் நடத்திய ஒவ்வொரு கண் முகாமுக்கும் உறுப்பினராக இல்லாமலே போனார். வயதானவர்களைக் கைபிடித்து வரிசையில் உட்காரவைத்தார், மருந்து விட்டபின் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டார். இரண்டு வருடம் கழித்து மறுபடி பெட்டி சுற்றியது. எல்லாமே வெள்ளை.

அவர் உள்ளே போன முதல் நாள், புதியவர் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பது வழக்கமாம். அப்பா, "பூந்தமல்லி பக்கம் விவசாயக் குடும்பம்" என்று சொன்னார். யாரோ, "நிலம் எவ்வளவு?" என்று கேட்டார்களாம். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பொய் என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் அது வீட்டுக்குள்ளும் வந்தது. "கீதுன்னு சொல்லாத, இருக்குன்னு சொல்லு" என்று எங்களைத் திருத்த ஆரம்பித்தார். மன்றத்தவர் வீட்டுக்கு வரும் நாளில் ஊர்க்காரர்கள் வந்தால் அவருக்கு வியர்த்தது. நான் அப்போது பள்ளி மாணவி. பார்த்தேன், பெயர் வைக்கத் தெரியவில்லை.

மன்றத்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அம்மாவுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தபோது ரத்தம் தேவைப்பட்டது. சொல்லி அனுப்பிய ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் டாக்டர் சபாபதி. அம்பத்தூரில் கிளினிக் வைத்திருந்தவர், மன்றத்தின் மூத்த உறுப்பினர். தன் நோயாளிகளை உட்காரவைத்துவிட்டு ஓடிவந்து கையை நீட்டிப் படுத்தார். அதன்பிறகு அம்மா மன்றத்தைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவர் ஏழுமலை மாமா. அம்மாவின் தம்பி. அண்ணனூர் ரயில் பணிமனையில் வேலை. கல்யாணமான மூன்றாம் வருடம் மாமியை மஞ்சள் காமாலை கொண்டுபோய்விட்டது. பிள்ளை இல்லை. மறுமணத்துக்கு ஒப்பவில்லை. வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் அண்ணனூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தால் சத்தமும் சிரிப்பும்தான். அப்பாவை 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்.

"மாமா, என்னியும் ஒங்க மன்றத்துல சேத்து உடேன்" என்று ஒருநாள் கேட்டார். "எனுக்குச் சீட்டெல்லாம் ஆடத் தெரியாது. சும்மா ஒரு ஓரமா ஒக்காந்துனு இருப்பேன். நாலு பேரு பேசறதக் கேட்டா போதும்."

அப்பா, "பாக்கலாம்டா" என்றார். அம்மா விடவில்லை. "அவன் தனியா அந்த பெஞ்சில ஒக்காந்துகினு கீறான். ஒன் கையில ஆவுற காரியம்தான, செய்யேன்" என்று நாள் தவறாமல் சொன்னார்கள். கடைசியில் அப்பாவே மாமாவின் பெயரை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டார். டாக்டர் சபாபதி மாமாவைக் கூப்பிட்டுப் பேசினார். சொந்த ஊர் எது, எந்தத் தெரு என்று கேட்டார். மாமா மறைக்காமல் சொன்னார். மறைக்க வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

பெட்டி சுற்றிய சனிக்கிழமை, மாமா தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் வீட்டில் காத்திருந்தார். அப்பா ஆறரை மணிக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், "ஒரு கறுப்பு உழுந்துடுச்சு" என்றார்.

மாமாதான் எழுந்து வந்து அப்பாவின் தோளில் கைவைத்தார். "உடு மாமா. ஒனக்கும் மொத தபா இப்டித்தான ஆச்சு. நீ இன்னா பண்ணுவ? எவனோ ஒருத்தன். நீ மனசு கஷ்டப்படாத" என்றார். அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மச்சான் மேல் எவ்வளவு பிரியம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த 'எவனோ ஒருத்தன்' யார் என்று மாமா மனதுக்குள் தேடினார். எந்தத் தெரு என்று கேட்ட டாக்டர்தான் என்று முடிவு செய்தார். அடுத்த வாரம், அம்மாவுக்கு மாத்திரை வாங்க நான் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தபோது மாமா உள்ளே வந்தார். நோயாளிகள் பத்துப் பேர் இருந்தார்கள்.

"எங்க அக்காவுக்கு ரத்தம் குடுத்த கைதான சார் இது? அதே கையாலதான எனுக்குக் கறுப்பு போட்ட? எந்தத் தெருவுன்னு கேட்டியே, அப்பவே புரிஞ்சிருக்கணும் எனுக்கு" என்றார். டாக்டர் எழுந்து நின்றார். "உட்காருங்க ஏழுமலை" என்று மட்டும் சொன்னார். மாமா உட்காரவில்லை. அதன்பிறகு அவர் அந்த கிளினிக் இருக்கும் தெருவுக்கே போகவில்லை.

வீட்டில் நான் இதைச் சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதியில் கை கழுவிவிட்டு வெளியே போனார். டாக்டரிடம் சண்டைக்குப் போகிறார் என்று அம்மா பயந்தார்கள். திரும்பி வந்தவர் நேராகப் படுக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு பெட்டி சுற்றும் கூட்டம் எதற்கும் அப்பா போனதில்லை. தலைசுற்றல், சர்க்கரை, ஓவர்டைம் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். தலைவர் பதவி தேடி வந்தபோதும் வேண்டாம் என்றுவிட்டார். எல்லாரும் அதைப் பணிவு என்றார்கள்.

தொண்ணூறுகளின் இறுதியில் அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதானது. கடைசி ஆறு மாதம் படுக்கைதான். மன்றத்தவர் முறைவைத்து வந்து பார்த்தார்கள். ஆனால் தினமும் வந்தவர் ஏழுமலை மாமா. ஷிப்டு முடிந்து நேராக வருவார். அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து உடம்பு துடைப்பார், சவரம் செய்துவிடுவார், துணி மாற்றுவார். மாமா தொடும்போதெல்லாம் அப்பா கண்களை இறுக்கி மூடிக்கொள்வார். வலி என்று நாங்கள் நினைத்தோம்.

ஒரு மதியம் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். அப்பா திரும்பிப் பார்த்தார்.

"பாப்பா, ஏழுமலைக்கு அந்தக் கறுப்பு மணி போட்டது நான்தான்."

எனக்கு முதலில் புரியவில்லை. நோயில் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எங்களைத் திருத்திய பேச்சு அவரிடமிருந்து எப்போதோ போயிருந்தது. பிறந்த ஊர்ப் பேச்சு திரும்பி வந்திருந்தது.

"அவன் உள்ள வந்தா மொத நாளே சொல்லிப்புடுவான். 'எங்க மாமா ஊட்லயும் எங்க ஊட்லயும் அல்லாரும் கழனில கூலிக்குப் போனவங்கதான்'னு சிரிச்சிக்கினே சொல்லுவான். அவனுக்கு அதுல வெக்கம் கெடையாது. எனுக்குத்தான் இருந்துச்சு. கையெழுத்தும் நான்தான் போட்டேன், மணியும் நான்தான் போட்டேன். எவனும் என்னியச் சந்தேகப்பட மாட்டான்ல."

"ஏன்பா இப்பச் சொல்றீங்க?"

"அவன் என்னியக் குளிப்பாட்டுறான் பாப்பா. தாங்க முடியல." பிறகு, "நீ சொல்லிடு அவன்கிட்ட. எனுக்குத் தைரியம் இல்ல" என்றார்.

நீங்களே சொல்லுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றேன். அன்று மாலை மாமா சவரம் செய்யும்போது அப்பா ஆரம்பித்தார். "ஏழுமலை, மன்றத்துல அன்னிக்கு..." மாமா அவர் தாடையைப் பிடித்து நிறுத்தினார். "அத்த இன்னாத்துக்கு மாமா இப்பப் பேசிக்கினு? மூஞ்சிய ஆட்டாத, கீச்சிடும்." அப்பா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்பது நாள் கழித்து அப்பா போய்விட்டார். மாமாதான் முன்னால் நின்று தூக்கினார்.

அந்த மாலையில் நான் பேசாமல் இருந்தது என் தவறு. கருமாதி முடிந்து இரண்டாம் மாதம், அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் போய், மாமாவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு வண்டி வந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அப்புறம்தான் கேட்டார்.

"அப்ப டாக்டரு இல்லியா?"

"இல்ல மாமா."

"பத்துப் பேரு முன்னாடி கேட்டுட்டேனே அந்த மனுசன."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து போய்விட்டார். அதன்பிறகு ஐந்து மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. "செத்தவர ஏன்டி இழுத்து நிக்க வெக்கிற? என் தம்பியும் போய்ட்டான், இப்ப திருப்திதான ஒனக்கு?" என்று அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். செய்தது சரியா என்று எனக்கே தெரியாமல் போனது. பள்ளியில் கரும்பலகையில் எழுதிக்கொண்டே நின்றுவிடுவேன்.

ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை மாமா சேக்காட்டில் என் வீட்டு வாசலில் நின்றார். "டாக்டர் ஊட்டுக்குப் போவணும். நீயும் வா. எனுக்குத் தனியாப் போவ ஒரு மாரி கீது" என்றார்.

டாக்டர் சபாபதி கிளினிக்கை மூடி இரண்டு வருடமாகிறது. பார்வை மங்கிவிட்டது. மாமா அவர் முன்னால் நின்று, உட்காரச் சொல்லியும் உட்காராமல், "நான் ஒங்களப் பேசுனது தப்பு சார். போட்டது எங்க மாமாதான்" என்றார்.

"தெரியும்" என்றார் டாக்டர்.

நாங்கள் இருவரும் திகைத்துப்போனோம். அவர் மெதுவாகச் சொன்னார். "நீங்க என்னத் திட்டின அன்னைக்கே உங்க மாமா என்னைப் பார்க்க வந்தாரு. 'அவன் தெரியாமப் பேசிட்டான், மன்னிச்சிடுங்க'ன்னாரு. 'நீங்க போடலன்னு எனக்குத் தெரியும் சார்'னும் சொன்னாரு. நான் போடலன்னு இவருக்கு எப்படித் தெரியும்னு யோசிச்சேன். புரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் சார் இத்தனை வருஷம் சும்மா இருந்தீங்க?" என்று நான் கேட்டேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "உங்கப்பாவுக்கு முதல் தடவை கறுப்பு போட்டது நான்தாம்மா. பெரிய காரணம் ஒண்ணும் கிடையாது. மோட்டார் ரிப்பேர் பண்ண வந்த ஆள் எப்படி நம்ம கூட உட்காருவார்னு நெனச்சேன். அவ்வளவுதான். அப்புறம் முகாம்ல அவரைப் பார்த்தேன். ரெண்டாவது தடவை வெள்ளை போட்டேன். ஆனா முதல்ல போட்டது போட்டதுதானே? ஏழுமலை வந்து திட்டினப்போ, விஷயம்தான் மாறிப்போச்சு, திட்டு சரியான ஆளுக்குத்தான் வந்திருக்குன்னு வாங்கிக்கிட்டேன்."

மாமா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இதையெல்லாம் மலரில் எழுதலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "எழுதும்மா. என் பேரையும் போடு. எனக்கும் சொல்ல ஒரு இடம் வேணும்" என்றார். திரும்பி வரும் வழியில் மாமாவிடம் கேட்டேன். பஸ் அம்பத்தூர் தாண்டும்வரை யோசித்தார். "எழுது. அவரு சொல்லச் சொன்னாருல்ல. ஆனா நான் மன்னிச்சிட்டேன்னு மட்டும் எழுதாத. இன்னும் இல்ல" என்றார். அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

எங்கள் அப்பா கெட்டவர் அல்லர். வெளியே நின்றபோது உள்ளே போக ஏங்கினார். உள்ளே போனபின், எந்த நாள் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தார். அந்தப் பயத்தில், தன்னை நம்பி வாசலில் நின்றவரைத் தானே தடுத்தார். பிள்ளைகளாகிய நாங்கள் அப்பாவின் சார்பில் அதற்காக ஏழுமலை மாமாவிடம் எல்லார் அறியவும் மன்னிப்புக் கேட்கிறோம்.

அப்பாவின் நோய்க்காலத்தில் உதவிய எஸ்டேட் தோழர்களுக்கும், முறைவைத்து வந்து பார்த்த மன்றத்தாருக்கும், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக எந்த நேரம் கூப்பிட்டாலும் ஆட்டோ எடுத்துவந்த அடுத்த வீட்டுக்காரருக்கும், டாக்டர் சபாபதி ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கோபம் தணிந்து மறுபடி என்னோடு பேசத் தொடங்கிய அம்மாவுக்கும் என் நன்றி.

இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் இன்று காலை கையால் எழுதி மலரோடு சேர்த்திருக்கிறேன். இன்று பந்தியில் உங்களுக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருப்பவர்தான் ஏழுமலை மாமா. வருவதாக அவர் சொல்லவில்லை. விடியற்காலையிலேயே வந்து பந்தல் கட்டுகிறவர்களோடு நின்றுவிட்டார். நீங்கள் கிளம்பும்போது அவரைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரு நிமிடம் நின்று, உங்கள் வீட்டுக்கு வரச்சொல்லி ஒரு வார்த்தை கூப்பிட்டுவிட்டுப் போங்கள்.